கொறிக்கிற சூரியகாந்தி: முதலில் பத்து சென்ட் போதும்

(விழுப்புரம் மாவட்டம் முண்டியம்பாக்கத்தில், விவசாயிகளும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடியிருந்த கூட்டத்தில் உள்ளூர் விவசாயி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



மேடையில பேசிப் பழக்கம் இல்ல. வரப்புல நின்னு பேசுற மாதிரிதான் பேசுவேன். பெரிய விதைச் சூரியகாந்தி பத்திப் பேசச் சொன்னாங்க. நான் அதைப் போட்டு ஒரு வருஷம் ஏமாந்தவன், அடுத்த வருஷம் கொஞ்சம் தேறினவன். அந்த ரெண்டையும் சொல்றேன். இந்தக் கூட்டத்துக்கு வரும்போதே ரெண்டு பேரு, "அண்ணே, அரைக் காணி போடலாமான்னு யோசிக்கிறோம், விதை எங்க கிடைக்கும்"னு கேட்டாங்க. நான் பேசி முடிக்கிறவரைக்கும் அந்த யோசனையைத் தள்ளி வைங்கன்னு சொல்லிட்டுதான் உள்ளே வந்தேன்.

முதல்ல இது என்னன்னு பாத்துடுவோம். இதோ என் வலது கையில இருக்கிறது எண்ணெய் ரகம். கருப்பா, சின்னதா, ஓடு பருப்போட ஒட்டி இருக்கு. இடது கையில இருக்கிறது தின்கிற ரகம். நீளமா, வெள்ளையும் கருப்புமா கோடு போட்டிருக்கு. ஓடு தடிமன், ஆனா பருப்போட ஒட்டாம லூசா இருக்கும். பல்லுல வச்சு லேசா அழுத்தினா டக்குன்னு பிளந்து பருப்பு வெளியே வந்துடும். எண்ணெய் ரகத்துல நூறு விதை எடை போட்டா அஞ்சு கிராம், ஆறு கிராம் வரும். இதுல பத்து கிராமுக்கு மேல வரணும். வரலைன்னா அது கொறிக்கிற தரம் இல்ல.

நமக்கு இது புரியாத விஷயம் இல்ல. மல்லாட்டையில செக்குக்குப் போற கொட்டை வேற, வறுத்துத் தின்ன எடுக்கிற கொட்டை வேற. பக்கத்துல திண்டிவனத்துல எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.எம்.வி. 7-ன்னு மல்லாட்டை போடுறோமே, அந்த டி.எம்.வி. எழுத்தே திண்டிவனத்தோட பேருதான். இத்தனை வருஷமா எண்ணெய் வித்துலயே வாழ்ந்த ஊர்க்காரங்க நாம. இருந்தும் சூரியகாந்தின்னா எண்ணெய்தானேன்னு நான் நினைச்சேன். அதுதான் என் முதல் தப்பு.

எண்ணெய் ரகத்துல நூறு கிலோவுக்கு நாற்பது கிலோ அளவுக்கு எண்ணெய் இருக்கும். தின்கிற ரகத்துல இருபத்தஞ்சு, முப்பதுதான். எடையில பாதிக்குப் பாதி ஓடாவே போயிடும். அதாவது எண்ணெய் ஆலைக்காரர் கண்ணுல இது மட்டமான சரக்கு. கொறிக்கிறவர் கண்ணுலதான் இது உசத்தி. யார் வாங்கப் போறாங்கன்னு தெரியாம விதைச்சா, உசத்திச் சரக்கை மட்ட விலைக்குக் கொடுத்துட்டு வரணும். நான் அப்படித்தான் கொடுத்தேன்.

இந்தச் செடி நம்ம நாட்டுக்கு வந்த கதையையும் ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன். பிறந்த இடம் வட அமெரிக்கா. அங்கே பழங்குடி மக்கள் விதையைத் தின்னாங்க, இடிச்சு மாவாக்கினாங்க. அங்கிருந்து ஸ்பெயின் வழியா ஐரோப்பா போய், ரஷ்யாவுலதான் வயல் பயிராச்சு. ரஷ்யாவுல பஸ்சுக்குக் காத்திருக்கிறவர், பூங்காவுல உட்கார்ந்திருக்கிறவர், எல்லார் பாக்கெட்லயும் இந்த விதை இருக்கும்னு சொல்வாங்க. கிராஸ்னதார் ஊர்ல புஸ்தோவோய்ட்னு ஒரு விஞ்ஞானி, எண்ணெய் அளவை ரொம்பவே உயர்த்தின ரகங்களைக் கொண்டு வந்தார். 1969-ல சோவியத் நாட்டுல இருந்து நம்ம நாட்டுக்கு வந்து பயிராச்சே, பெரடோவிக் மாதிரி ரகங்கள், அதெல்லாம் அந்த எண்ணெய்க் குடும்பம்தான். அதனால நம்ம ஊர்ல சூரியகாந்தின்னா எண்ணெய்னு மனசுல பதிஞ்சு போச்சு. அதே ரஷ்யாவுல கொறிக்கிறதுக்குன்னே தனி ரகம் வச்சிருக்காங்க. துருக்கி, சீனா, அமெரிக்காவுலயும் தனியா பயிர் பண்றாங்க.

இப்போ என் கதை.

எனக்கு மூணு ஏக்கர். எல்லாம் கரும்புதான். நம்ம பக்கத்துல கரும்பு போடாதவன் யாரு? ஆனா ஒரு வருஷப் பயிர், கிணத்துத் தண்ணியை முழுசா கேட்கும். மறுதாம்பு ரெண்டு முடிஞ்சு கட்டையை உழுது போட்டப்ப, ஒரு தொண்ணூறு நாள் பயிர் இடையில எடுக்கலாமேன்னு தோணிச்சு. போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். ஒருத்தர் தட்டு மாதிரி பூவைக் கையில வச்சுக்கிட்டு, ஒரு கிலோ இவ்வளவு, ஒரு ஏக்கருக்கு இவ்வளவுன்னு சொல்லிக்கிட்டே போறார். கீழே இருந்த நம்பருக்குப் பணம் போட்டேன். விதை வந்துச்சு. வெள்ளை கவர்ல, மேல ஒரு எழுத்து கிடையாது. ரகப் பேரு இல்ல, முளைப்புத் திறன் இல்ல, தேதி இல்ல.

விதைச் சட்டம் 1966-ல வந்தது. விற்கிற விதைப் பையில என்ன ரகம், எவ்வளவு முளைப்பு, எத்தனை நாள் வரை செல்லும்னு அட்டை இருக்கணும். சான்று விதைன்னா நீல அட்டை. சூரியகாந்திக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதம். வெளிநாட்டு விதைன்னா தாவரத் தனிமைப்படுத்தல் விதிப்படி அனுமதி வாங்கித்தான் உள்ளே வரணும். யாரோ தபால்ல அனுப்பினான்னு மண்ணுல போடக் கூடாது, அதோட நோயும் சேர்ந்து வரும். இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். அப்போ தெரிஞ்சிருந்தா, "பில் எங்கே, அட்டை எங்கே"ன்னு ஒரு கேள்வி கேட்டிருப்பேன். பில் இல்லாததால எங்கேயும் புகாரும் கொடுக்க முடியல.

அந்த விதையை அரை ஏக்கர்ல போட்டேன். எண்ணெய் ரக வீரிய ஒட்டுக்குச் சொல்ற கணக்குல, பார் ரெண்டடி, செடிக்குச் செடி ஒரு அடி. முளைச்சது பாதி. முளைச்ச செடி நல்லா வளர்ந்துச்சு, பூவும் வந்துச்சு. ரோட்டுல போற பசங்க எல்லாம் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்தாங்க. தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூக்கிற காலத்துல கேரளாவுல இருந்து கூட்டம் கூட்டமா வந்து நிப்பாங்களாம். எனக்கும் நாலு நாள் அந்தப் பெருமை கிடைச்சுது.

அறுத்துத் தட்டிப் பார்த்தா, பூக்கொண்டையில வெளி வட்டத்துல மட்டும்தான் பெரிய விதை. நடுவுல உள்ளங்கை அகலத்துக்குப் பொக்கு. மேலே ஓடு இருக்கு, உள்ளே காத்து. தூத்துனா பறந்து போகுது. மிச்சத்தை மூட்டை கட்டி எண்ணெய் ஆலைக்கு எடுத்துட்டுப் போனேன். அவர் ஒரு விதையை உடைச்சுப் பார்த்துட்டு, "இது கிளிக்குப் போடுற விதை அய்யா, எனக்கு எண்ணெய் வராது"ன்னு சொல்லிட்டார். அவர் மேல தப்பு இல்ல. சூரியகாந்திக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கு, 2025-26-க்கு குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். அது எண்ணெய் வித்துங்கிற கணக்குல வச்ச விலை. அதைக் காட்டி இந்த விதையை எண்ணெய்க்காரர் தலையில கட்ட முடியாது. கடைசியில பறவைத் தீவனம் விக்கிறவர் ஒருத்தர் கேட்ட விலைக்குக் கொடுத்தேன். உழவு கூலி தேறல. வீட்ல என்ன சொன்னாங்கன்னு இங்க சொல்ல வேண்டாம், அவங்களும் இந்தக் கூட்டத்துலதான் இருக்காங்க.

மறு வருஷம் பத்து சென்ட்தான் போட்டேன். விதையும் பில்லோட, அட்டையோட, ரகப் பேரோட வாங்கினேன். என்ன மாத்தினேன்னு ஒண்ணொண்ணா சொல்றேன், கவனமா கேளுங்க.

இடைவெளி. பாருக்குப் பார் ரெண்டடி அப்படியே. செடிக்குச் செடி ஒன்றரை அடி. ஒரு அடி இடைவெளியில ஏக்கருக்கு ஏறக்குறைய இருபத்தி ரெண்டாயிரம் செடி நிக்கும். ஒன்றரை அடின்னா பதினஞ்சாயிரம். பத்து சென்டுக்கு ஆயிரத்து ஐநூறு. செடி குறைஞ்சா விளைச்சல் குறையுமேன்னு தோணும். எண்ணெய்க்கு அது சரி. இங்க நாம விக்கிறது விதையோட பருமனை. நெருக்கி வச்சா பூவும் சின்னது, விதையும் சின்னது. குழிக்கு ரெண்டு விதை, ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட ஆழம். பத்தாம் நாள் வாக்குல நல்ல செடி ஒண்ணை விட்டுட்டு மத்ததைப் பிடுங்கிடணும். பிடுங்க மனசு வராது. எனக்கும் வரல. என் மாமியார்தான் வந்து பிடுங்கினாங்க.

பட்டம். நம்ம பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை நம்பக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப மயிலத்துல ஒரே நாள்ல ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்ஞ்சது. நம்ம வயல் எல்லாம் எப்படி நின்னுதுன்னு யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். சூரியகாந்திக்கு வேர்ல தண்ணி தேங்கினா ஆகாது. மழை ஓய்ஞ்சு மார்கழியில விதைச்சா மாசி, பங்குனியில பூவும் விதையும் வெயில்ல காயும். அப்படி வந்தா ஓடு கறுக்காம வெள்ளையா இருக்கும். கொறிக்கிற சரக்குக்கு நிறம் முக்கியம். பூஞ்சை பிடிச்ச ஓட்டை யாரு வாயில வைப்பாங்க?

உரம். மண் பரிசோதனை பண்ணி, மண் வள அட்டையில என்ன சொல்லியிருக்கோ அதன்படி போடுங்க. யூரியாவைக் கூட்டினா தண்டு கொழுக்கும், பூக்கொண்டை கனத்துல சாயும். ஒரு முறை மண் அணைச்சு விடுங்க. தண்ணி மொக்கு கட்டும்போது, பூக்கும்போது, விதை பால் பிடிக்கும்போது, இந்த மூணு நேரமும் தவறக் கூடாது. மத்த நேரம் ரெண்டு நாள் முன்னே பின்னே ஆனா பரவாயில்ல.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். பொக்கு ஏன் வந்துச்சு? மகரந்தம் சேரல. சூரியகாந்தியில ஒரு பூன்னு நாம பாக்கிறது நூத்துக்கணக்கான குட்டிப் பூ. வெளி வட்டத்துல இருந்து உள்ளே உள்ளே, ஏழெட்டு நாளா பூத்துக்கிட்டுப் போகும். ஒவ்வொரு குட்டிப் பூவுக்கும் மகரந்தம் வந்து சேர்ந்தாதான் உள்ளே பருப்பு. அந்த வேலையைச் செய்யறது தேனீ. முதல் வருஷம் நான் என்ன பண்ணினேன்? பூத்திருக்கிற நேரத்துல, காய்ப்புழு இருக்குன்னு காலையில ஒன்பது மணிக்கு மருந்து அடிச்சேன். தேனீ வர்ற நேரமே அதுதான். நானே விரட்டி விட்டுட்டேன்.

அதனால பூக்கிற காலத்துல மருந்து வேண்டாம். தவிர்க்கவே முடியலைன்னா, எது அடிக்கலாம்னு வேளாண்மை அலுவலரைக் கேட்டு, சாயங்காலம் தேனீ அடங்கின பிறகு. எக்டேருக்கு அஞ்சு தேனீப் பெட்டி வைக்கச் சொல்வாங்க. பத்து சென்டுக்குப் பெட்டி தேவையில்ல, கையே போதும். காலையில ஒன்பதுல இருந்து பதினோரு மணிக்குள்ள, கையில மெல்லிசு துணியைச் சுத்திக்கிட்டு ஒவ்வொரு பூவையும் லேசா தடவிக்கிட்டே போகணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அஞ்சு தடவை. பல்கலைக்கழகத்துலயே சொல்ற முறைதான். இன்னொண்ணு, வெளி இதழ் மஞ்சளா விரியும்போது லிட்டருக்கு ரெண்டு கிராம் போராக்ஸ் கலந்து பூக்கொண்டை மேல தெளிக்கணும். பச்சைத் தண்ணியில கரையாது, கொஞ்சம் சுடுதண்ணியில கரைச்சு ஊத்துங்க. இந்த ரெண்டும் செஞ்சதுல, என் ரெண்டாம் வருஷப் பூவுல நடுப் பொக்கு ஒரு ரூபாய் காசு அகலத்துக்குச் சுருங்கிடுச்சு.

நோயில ஒண்ணை மட்டும் சொல்றேன். திசு கருகல் நோய். இலை, தண்டு, பூக்கொண்டை எல்லாம் கருகி வளைஞ்சு போகும். 1997-ல கர்நாடகாவுல பாகேபள்ளி பக்கம் முதல்ல பார்த்தாங்க. நச்சுயிரி நோய், இலைப்பேன் பரப்புது. அது தங்குற வீடு பார்த்தீனியம் செடி. வந்த பிறகு மருந்து கிடையாது. வரப்புல பார்த்தீனியத்தைப் பூக்கிறதுக்கு முன்னாடியே பிடுங்கணும், வயலைச் சுத்தி மூணு வரிசை சோளம் போடணும். உங்க வயல் மட்டும் சுத்தமா இருந்து பக்கத்து வரப்பு காடா கிடந்தா பிரயோசனமில்ல. பங்காளிச் சண்டையை அந்த ஒரு நாள் மறந்துட்டு சேர்ந்து பிடுங்குங்க.

அப்புறம் கிளி. இதுல ஒரு சிக்கல் இருக்கு, மறைக்காம சொல்லணும். பத்து சென்ட் போடுங்கன்னு நான் சொல்றேன். ஆனா சுத்திலும் கரும்பும் நெல்லும் இருக்க, நடுவுல பத்து சென்ட் சூரியகாந்தி தனியா நின்னா, ஊர்க் கிளி எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் பந்தி. பெரிய விதைன்னா கேட்கவே வேணாம். மினுமினுக்கிற பட்டை கட்டினேன், மூணு நாள் பயந்துச்சு, நாலாம் நாள் அது மேலேயே உட்கார்ந்துச்சு. கடைசியில நைலான் வலையை மேலே போட்டுதான் காப்பாத்தினேன். வலைக்குச் செலவு ஆகும். அதை விட நல்ல வழி, பக்கத்துப் பக்கத்து வயல்காரங்க அஞ்சு பேரு ஆளுக்குப் பத்து சென்ட்னு ஒரே வாரத்துல விதைக்கிறது. அரை ஏக்கர் ஒரே மொத்தமா நிக்கும். காவலை முறை வச்சுக்கலாம். காலையில விடிஞ்சதுல இருந்து ஒன்பது மணி வரை, சாயங்காலம் நாலுல இருந்து இருட்டுற வரை. மத்த நேரம் கிளியும் தூங்கும், நாமும் தூங்கலாம்.

பூக்கொண்டையோட பின்பக்கம் எலுமிச்சை மஞ்சளா மாறினதும் அறுங்க. களத்துல தார்ப்பாய் விரிச்சு காயவைங்க, குவிச்சுப் போடாதீங்க, பூசணம் பிடிக்கும். தட்டும்போது மெதுவா. ஓடு உடைஞ்சா எண்ணெய்க்காரருக்குக் கவலையில்ல, நமக்கு அது கழிவு. அப்புறம் சலிக்கணும். எட்டு மில்லிமீட்டர் துளை உள்ள சல்லடை ஒண்ணு பட்டறையில சொல்லிச் செஞ்சுக்கோங்க. அமெரிக்காவுலயும் ஏறக்குறைய இந்த அளவுச் சல்லடை மேல நிக்கிறதைத்தான் ஓட்டோட விக்கிற பெரிய விதைன்னு பிரிக்கிறாங்க. மேல நிக்கிறது கொறிக்க. கீழே விழுந்ததுல பருப்பு இருக்கிறதை உடைச்சு எடுக்கலாம், மிச்சம் பறவைத் தீவனம்.

அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைக்கலாமான்னு கேப்பீங்க. வீரிய ஒட்டுன்னா கூடாது. ரகம்னா எடுக்கலாம், ஆனா அரை கிலோமீட்டருக்குள்ள யாரும் எண்ணெய் ரகம் போட்டிருக்கக் கூடாது. தேனீக்கு வரப்பு தெரியாது. கலந்தாலும் இந்த வருஷ விதை பெரிசாத்தான் தெரியும், அடுத்த தலைமுறையிலதான் குட்டு வெளிப்படும். இன்னொண்ணு, அறுத்த உடனே முளைக்கப் போட்டுப் பார்த்து "செத்துப் போச்சு"ன்னு தூக்கிப் போடாதீங்க. ஒன்றரை மாசம் வரை உறக்கத்துல இருக்கும். அதுக்கப்புறம் ஈரச் சாக்குல நூறு விதை சுருட்டி வச்சு எண்ணுங்க.

இப்போ விற்பனை. இங்கதான் எல்லாம் இருக்கு. நம்ம ஜனங்களுக்கு இதைப் பல்லுல உடைச்சுத் துப்பிக்கிட்டே தின்கிற பழக்கம் இல்ல. மல்லாட்டை, பட்டாணி, சுண்டல், இதுதான் நமக்கு. கடையில விக்கிறதெல்லாம் பெரும்பாலும் ஓடு நீக்கின பருப்பு. ஆகவே விதைக்கிறதுக்கு முன்னாடி பாண்டிச்சேரி, சென்னையில உலர்பழக் கடைக்காரங்க ரெண்டு மூணு பேருகிட்ட ஒரு பிடி விதையைக் காட்டி, "இப்படி இருந்தா வாங்குவீங்களா, என்ன விலைக்கு, எவ்வளவு"ன்னு கேளுங்க. வாய்ப் பேச்சு போதாது, எழுதி வாங்குங்க. எழுதித் தர யாரும் இல்லைன்னா பத்து சென்டைத் தாண்டாதீங்க. என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் எழுதித் தந்தவர் ஒரே ஒருத்தர்தான், அவரும் கேட்டது ஐம்பது கிலோ. அதனாலதான் அரைக் காணி யோசனையைத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

நான் சரக்கை வித்தது மகளிர் குழு மூலமா. உப்புத் தண்ணியில ராத்திரி ஊறப்போட்டு, நிழல்ல உலர்த்தி, மல்லாட்டை வறுக்கிற மாதிரி மணல்ல வறுத்து, சின்னப் பொட்டலமா போட்டாங்க. பொட்டலம் போட்டு விக்கணும்னா உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு வேணும், சின்ன வியாபாரத்துக்குச் சுலபமான பதிவுதான், ஆன்லைன்லயே பண்ணலாம். வறுக்கிற அடுப்பு, பொட்டலம் ஒட்டுற இயந்திரம் வாங்கணும்னு இருந்தா, குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்குன்னு 2020-ல மத்திய அரசு கொண்டு வந்த திட்டத்துல 35 சதம் மானியம் வச்சாங்க. இப்போ விண்ணப்பம் வாங்குறாங்களான்னு முதல்ல விசாரிச்சுட்டு அப்புறம் இயந்திரக்காரருக்கு அட்வான்ஸ் கொடுங்க. ஓடு உடைக்கிற இயந்திரம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பத்து சென்ட் விதைக்கு அது ஒரு மணி நேர வேலை. மிச்ச நாள் எல்லாம் வட்டிதான் ஓடும்.

சேவைகள்ல நான் நிஜமா பயன்படுத்தினதை மட்டும் சொல்றேன். உழவன் செயலியில உங்க வட்டாரத்து விதை இருப்பு, சந்தை விலை, வாடகை இயந்திரம் எல்லாம் பாக்கலாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. பூக்கிற நேரத்துல மருந்து அடிக்கலாமான்னு கேட்க ஒரு போன் போட்டிருந்தா என் முதல் வருஷம் தப்பிச்சிருக்கும். திண்டிவனத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, நோய் வந்த இலையைப் பறிச்சுக்கிட்டு நேரா போங்க, போட்டோ மட்டும் பத்தாது. அடங்கல்ல பயிர் பேரு சூரியகாந்தின்னு ஏறியிருக்கான்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட பாருங்க. போன வருஷக் கரும்பே அதுல நின்னுக்கிட்டு இருந்தா, பயிர் சேதம்னு போகும்போது வயல்ல ஒண்ணு, காகிதத்துல ஒண்ணுன்னு ஆயிடும். உங்க பிர்காவுல சூரியகாந்தி காப்பீட்டுக்கு அறிவிக்கப்பட்ட பயிரான்னும் விதைக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. விதையில ஏமாந்தா பில்லும் பையும் எடுத்துக்கிட்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்க. மாசா மாசம் கலெக்டர் ஆபீஸ்ல நடக்கிற விவசாயிகள் குறைதீர் நாள்லயும் மனு கொடுக்கலாம். பையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கொஞ்சம் விதையோட எடுத்து வைங்க.

கரும்பை விட்டுட்டு இதுக்கு வாங்கன்னு நான் சொல்லல. நானே விடல, ரெண்டே முக்கால் ஏக்கர்ல கரும்பும் உளுந்தும்தான் இருக்கு. இதே நிலத்துல மறுபடி மறுபடி சூரியகாந்தி போடவும் கூடாது, மண்ணை உறிஞ்சிடும். அடுத்து ஒரு உளுந்து போட்டு எடுங்க.

பின்னாடி மேசையில ரெண்டு தட்டு வச்சிருக்கேன். ஒண்ணு என் முதல் வருஷ விதை, இன்னொண்ணு ரெண்டாம் வருஷம். ரெண்டையும் கையில எடுத்து எடை பாருங்க. ரெண்டாவது தட்டுல இருக்கிறது வறுத்தது, சாப்பிடலாம். ஓட்டைத் தரையில துப்பாதீங்க, பக்கத்துலயே வாளி இருக்கு. கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க, எனக்கு ஆறு மணிக்கு மோட்டார் போடணும்.